மேட்டுக்காட்டுப் புழுக்கை

மான் குட்டியின் வயிற்றைத் திறந்ததும் டாக்டருக்குக் கை ஓடவில்லை. எலும்பும் தோலுமாகச் செத்த குட்டி அது. வயிறு காலியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். உள்ளே தலையணைக்குப் பஞ்சு அடைத்தது போல இலை அடைந்திருந்தது. மென்ற துணுக்குகள் பச்சைகூட மாறவில்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பட்டினியால் செத்திருக்கிறது.

காப்பகத்தில் குட்டிகளுக்குப் பால் ஊட்டும் பால் அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"நான்தான் பாலை அவசரப்பட்டு நிறுத்திட்டேனா டாக்டரம்மா?"

"பார்க்கலாம்க்கா" என்றாள் டாக்டர்.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. காரணம் அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

இலையைத் தின்பதுதான் மானின் வேலை. செரிக்க வைப்பது அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். பிசைந்து மூடிவைத்த மாவு புளிப்பது போல இலை அங்கே நொதிக்க வேண்டும். அப்போதுதான் மானின் உடம்பில் ஒட்டும். காட்டுக்குக் காடு இந்தக் குடித்தனக்காரர்கள் மாறுவார்கள். பால் மறந்த குட்டிகளுக்குக் காப்பகத்தில் போடும் மேட்டுக்காட்டு இலை கசப்பு. அதை உடைக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள் அந்தக் காட்டில் மேயும் மான்களின் வயிற்றில் மட்டும்தான் பெருகியிருக்கும். குட்டிக்கு அவை பிறக்கும்போதே வருவதில்லை. தாயின் நாக்கிலிருந்தும், மந்தை மிதித்த புல்லிலிருந்தும், கீழே கிடக்கும் புழுக்கையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன.

தாயில்லாத குட்டிகளுக்கு அந்தச் சீதனத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பு டாக்டருடையது. மேட்டுக்காட்டுக்கு ஏறி, மந்தை நகரும்வரை காத்திருந்து, சூடு ஆறாத புழுக்கையைப் பொறுக்க வேண்டும். காற்றுப் பட்டால் பாதி நுண்ணுயிர்கள் செத்துவிடும். அதனால் பையைப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி, குளிர்ந்துவிடாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்குவாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டினால், பால் அக்கா அதைப் புட்டியில் ஊட்டுவாள்.

"ஊர்ல ஒவ்வொருத்தனும் பொண்டாட்டி நெஞ்சுல என்னைத்தான் வச்சிருக்கான்னு பெருமை பேசறான். நான் என்னன்னு சொல்லிக்கிறது?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

இந்த முறை அவள் ஏறவில்லை. முதல் தடவை மழை. அடுத்த தடவை மகளின் பள்ளி விழா. அதற்கப்புறம் காரணம்கூடத் தேவைப்படவில்லை. காப்பகத்துக்குப் பின்னால் இருந்த சோள வயலுக்கு விடிகாலையில் மான்கள் வந்துபோகும். அதே இன மான், அதே நிறப் புழுக்கை. வரப்பில் குனிந்து பொறுக்கிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சோளம் தின்று பழகிய வயிற்றின் நுண்ணுயிர்களை ஊட்டிக் குட்டிகளைக் கசப்பு இலைக்கு அனுப்பியிருக்கிறாள்.

படித்தவள் அவள். இதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவள்.

மேலாளரிடம் டாக்டர் "செரிமானக் கோளாறு" என்று மட்டும் சொன்னாள். பொய் இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் பால் அக்காவைக் கூப்பிட்டார். பால் நிறுத்தும் கணக்கில் பிசகு என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். இனி அவள் கூண்டு கழுவினால் போதும் என்றார்.

"சரிங்க சார்" என்றாள் பால் அக்கா. டாக்டர் அங்கேதான் இருந்தாள், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் டாக்டர் மேட்டுக்காட்டுக்கு ஏறினாள். மூச்சு வாங்க வாங்க ஏறும்போது, இது பிராயச்சித்தம் மாதிரி இருக்கிறதே என்று ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

மீதி இரண்டு குட்டிகளும் ஒட்டிய விலாவோடு கொட்டகை மூலையில் படுத்திருந்தன. டாக்டர் புட்டியை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டன. மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாள். வாயில் திணித்துப் பார்த்தாள். பெரியது துப்பியது. சின்னது நடுங்கியது. காப்பகத்துக்கு வந்ததிலிருந்து அவை அறிந்த வாசனை பால் அக்காவுடையது ஒன்றுதான். புட்டி ஆறிக்கொண்டிருந்தது. ஆறினால் ஏறி இறங்கியதெல்லாம் வீண்.

பால் அக்கா கூண்டுக்குள் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வரீங்களா? உங்க கை இல்லாம குடிக்க மாட்டேங்குதுங்க."

"எனக்கு அந்த வேலை இல்லைன்னுட்டாரே. நான் தொட்டு இன்னொண்ணு போச்சுன்னா?"

"உங்களால போகலைக்கா."

பால் அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"புழுக்கை நான் மேல போய் எடுக்கலை. சோள வயல்ல பொறுக்கினேன். அதை வச்சுக்கிட்டு இந்த இலையைச் செரிக்க முடியாது. அதான் செத்துச்சு."

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்."

திட்டியிருந்தால் டாக்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பால் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். அவள் உட்கார்ந்ததுமே குட்டிகள் தள்ளாடி எழுந்து வந்து மடியில் முகத்தை நுழைத்தன.

"தெரியாம நானும் அதையே ஊட்டியிருக்கேன்" என்றாள், குட்டியிடம் சொல்வது போல. "செல்லம் கொஞ்சி ஊட்டினேன். கூண்டைக் கழுவிக்கிட்டே யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், பாலைச் சுடவச்சுட்டோமா, ஆறவிட்டுட்டோமான்னு. ராத்திரி தூக்கமே இல்லை."

பெரியது சப்பத் தொடங்கியது. சின்னதும் காம்பைத் தேடியது.

"மேலாளர்கிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்லை."

"இது முடியட்டும், போவோம்."

"நான் மட்டும் போய்ச் சொல்றேன்க்கா. நீங்க எதுக்கு?"

"இல்லை. நானும் நிக்கிறேன்." புட்டியைச் சற்றுச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை கொடுத்தாள். "அடுத்த தடவை புழுக்கை எடுக்கப் போறப்பவும் கூட வரேன்."

"ஏத்தம் கஷ்டம்க்கா."

"பரவால்லை. கண்ணால பார்த்துக்கிறேன்."

டாக்டர் காலிப் புட்டிக்காகக் கையை நீட்டினாள். பால் அக்கா அதைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். டாக்டர் குனிந்து எடுத்துக்கொண்டாள்.