கறுப்பு நின்ற இடம்

சித்திரை வெயிலில் ஃபைபர் வார்க்கிற ரெசின் பசை யாருக்காகவும் காத்திருக்காது. இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து நாலு கை பூசுவதற்குள் டப்பாவிலேயே கல்லாகிவிடும். அதனால் சின்னசேலம் புறவழிச் சாலையோரத் தகரக் கொட்டகையில் விடியற்காலை ஐந்தரைக்கே வேலை தொடங்கும். ஊர் பல் துலக்குவதற்கு முன்னால் செந்தமிழ்ச்செல்வி படகுக்குள் குந்தி உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

ஏழு பேர் அங்கே வேலை, சிவசங்கரைத் தவிர எல்லாரும் பெண்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலைக்கு ஈரத் துண்டு. தொடங்குமுன் முகப்பவுடரைக் கொட்டி முழங்கை வரை அப்பிக்கொள்வார்கள். கண்ணாடி நார்த்தூள் தோலில் இறங்காமல் இருக்கத்தான். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி மணக்க மணக்க வந்து, இருமிக்கொண்டே வீடு திரும்புவார்கள். எத்தனை பவுடர் போட்டாலும் அரிக்கிறது அரிக்கத்தான் செய்தது. மூக்குக்கு ஒரு முகமூடி கேட்டு ஆறு மாதமாகிறது. முதலாளி நாராயணசாமி "பாக்கலாம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், புண்ணியவான்!

தண்ணீர்த் தொட்டியும் கக்கூஸ் கதவும் செய்துவந்த பட்டறைக்குப் படகு புதுசு. கடலோரத்தில் உழைத்துத் தேய்ந்த பழைய ஃபைபர் படகு அது, பன்னிரண்டு பேர் உட்காரலாம். கல்வராயன் மலையில் ஒரு விடுதிக்காரர் தன் ஏரியில் சவாரி விட வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. மேடும் பள்ளமுமாய்க் கிடந்த அதன் உடம்பை வழவழவென்று ஆக்கித் தருவதாக நாராயணசாமி வாக்குக் கொடுத்திருந்தார்.

பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் செல்வி ஒரு வழி வைத்திருந்தாள். இஸ்திரிக் கடையில் கரி வாங்கி, இடித்துச் சலித்து, துணிப்பையில் கட்டிப் பரப்பெங்கும் ஒற்றுவாள். பிறகு உப்புத்தாள் போட்டால் மேடெல்லாம் வெளுக்கும், பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். அங்கே பட்டி வைத்து மறுபடி தேய்க்க வேண்டும். கறுப்பு மொத்தமும் போனால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், தரையில், தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு மட்டும் போகவே இல்லை. மூன்று தடவை நிரப்பினாள். மூன்று தடவையும் மறுநாள் அமுங்கியிருந்தது. விரலை மடக்கித் தட்டினாள். 'டக்'கென்று கேட்க வேண்டிய இடம் ஈரச் சாக்கைத் தட்டுவதுபோல் 'தொப்'பென்றது. ஃபைபருக்கு அடியிலிருந்த பலகை தண்ணீரில் ஊறி உளுத்துவிட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமையே முதலாளியிடம் சொன்னாள்.

"இன்னாத்த தட்டிக்கினு கெடக்குற? கெட்டியா பட்டி போட்டு மூடு. மேல கலரு வந்துட்டா எவனுக்குத் தெரியப்போவுது?"

செல்வி மூடினாள். கரும்பு வெட்டி இடுப்பு போனபிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை இது. இதையும் விட்டால் எங்கே போவாள்? இரண்டு முறை அதிகமாகவே தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவைத்தாள். அவள் கைத்திறமை அப்படி, பாழாய்ப்போன திறமை!

வெள்ளிக்கிழமை விடியலில் சிவசங்கர் தேய்க்கிற கைக் கிரைண்டரோடு அதே இடத்தில் கால் வைத்தான். தரை உள்வாங்கியது. தொடை வரை கால் இறங்கி, கிழிந்த ஃபைபர் விளிம்பு ரம்பமாய் அறுத்தது. கையிலிருந்து விழுந்த கிரைண்டர் படகுக்குள் சுழன்று சுழன்று துள்ள, கூட வேலை பார்த்த இசைவாணி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். காலை வெளியே இழுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது சிவசங்கர் "பாத்து மிதிங்க, அங்க சறுக்குது" என்றான். தன் ரத்தத்தைத்தான் சொன்னான்.

ஆட்டோ போனதும் செல்வி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"நான்தான்டி மூடனேன். தெரிஞ்சேதான் மூடனேன்."

"நீ மட்டுமா மூடன?" இசைவாணி அவள் தோளைப் பிடித்தாள். "நீ சொல்லும்போது நாங்களும் கேட்டுக்கினுதான இருந்தோம்? ஏதாச்சும் பேசனோமா?"

நாராயணசாமி ஒன்பது மணிக்கு வந்தார். முதலில் பார்த்தது ஓட்டையை.

"இன்னா எல்லாம் ஒக்காந்துக்கினு கீறீங்க? ஆஸ்பத்திரிய நான் பாத்துக்கறன். ரெண்டு ஃபைபர் மேட் ஒட்டி மூடிடுங்க. பத்து மணிக்குப் பெயிண்டர் வரான், சாயங்காலம் லாரி."

செல்வி எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூட மாட்டோம் மொதலாளி. தரைய மொத்தமா அறுத்துட்டுப் புதுப் பலகை போட்டாத்தான் கை வைப்போம். சிவசங்கரு எழுந்து நடக்கற வரைக்கும் அவன் கூலி நிக்கக் கூடாது. எல்லாத்துக்கும் முகமூடி வேணும்."

"ஓகோ! சேலத்துல ஒரு போனு போட்டா நாளைக்கே பத்துப் பேரு வந்து எறங்குவான், தெரியுமா?"

"எறங்கட்டும். அவங்களுக்கும் காலு இருக்குதில்ல?"

"அந்த ஏரி இன்னா கடலாம்மா? ஒரு ஆள் ஆழம்!"

"முழுவ அதுக்கு மேல வேணுமா மொதலாளி? பன்னெண்டு பேரு ஏறுவாங்க, பச்சப் புள்ளைங்கள மடில வெச்சிக்கினு."

அவருக்கு வீம்பு வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே இறங்கினார். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கைக்கு வந்தபடி ஊற்றினார், அதுவும் அந்த வெயிலில். கண்ணாடி நார் விரிப்பை விரித்துத் திரும்புவதற்குள் டப்பா புகைய ஆரம்பித்தது. பிரஷ் உள்ளே நின்றபடியே இறுகிவிட்டது. அவர் இழுத்தார். டப்பாவும் கூடவே வந்தது. இந்த நேரத்திலும் இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் பெயிண்டர் சுஐப், கள்ளக்குறிச்சியிலிருந்து குட்டியானை வண்டியில் கம்ப்ரஸரோடு வந்து இறங்கினார். புகையும் டப்பாவைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் பார்த்தார்.

"வா பாய். ஓட்ட மேல ஒரு தகடு வெச்சித் தரன். நீ அடிச்சிடு" என்றார் நாராயணசாமி.

சுஐப் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகுக்குள் முட்டிபோட்டு, ஓட்டையிலிருந்து முன்னோக்கித் தட்டிக்கொண்டே போனார். தொப். தொப். முனை வரை தொப்.

"யக்கா, அந்தக் கரிப் பைய எடுத்தாங்க."

செல்வி எடுத்து வந்தாள். அவர் தட்டிய இடத்தில் அவள் ஒற்றினாள். அரைமணி நேரம் ஆனது. முடிந்தபோது தரையில் பாதிக்குமேல் கறுப்பாகக் கிடந்தது.

"இன்னா பாய், நீயுமா?"

"நான் அடிக்கற கலரு இத்த மறைக்கும் மொதலாளி, தாங்காது. அந்தக் கரி தெரியற வரைக்கும் நான் ஸ்ப்ரே கன்னத் தொட மாட்டன்." வண்டியிலிருந்து தன் தண்ணீர்க் கேனை இறக்கி அவர்கள் நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "சேலத்துக்காரங்களுக்கும் வராதீங்கன்னு நானே போன் போடறன். நமக்குத் தெரிஞ்ச பசங்கதான்."

நாராயணசாமி கத்தினார். கெஞ்சினார். தண்ணீர்த் தொட்டி வேலையும் கிடையாது என்றார். அப்புறம் வெளியே போய்ப் போனில் யாரிடமோ வெகுநேரம் பேசினார். சேலத்திலிருந்து ஆள் வருவார்களா மாட்டார்களா, திங்கட்கிழமை கொட்டகை திறக்குமா, யாருக்கும் தெரியாது. மதியத்துக்கு மேல் சிவசங்கர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.

"தையலு போட்டுட்டாங்கக்கா. காலு இருக்குது. வேலை ஓடுதா?"

"இல்லடா. ஓடல" என்றாள் செல்வி. அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

நாலு மணிக்கு லாரி வந்தது. "ஏத்துங்க! கலரு மலைக்குப் போயி அடிச்சிக்கலாம்!" என்றார் நாராயணசாமி. லாரிக்காரர் படகை எட்டிப் பார்த்தார். கறுப்பையும், ஓட்டை விளிம்பில் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டுச் சுஐப் பக்கத்தில் குந்தினார்.

அந்தப் படகைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும். முதலாளியை விட்டால் கொட்டகையில் சரியாக எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை.