மூன்று கொட்டேஷன்

குழாய், கழுவுதொட்டி, குளியலறைக் கண்ணாடி என்று வீட்டில் ஈரம் படுகிற எல்லாவற்றையும் மொத்த விலைக்கு விற்கும் அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. எதை வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். துடைப்பத்துக்கும் மூன்று, லாரிக்கும் மூன்று. முதலாளி எங்கோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து போட்ட சட்டம் அது. மூன்றில் குறைந்ததைத் தேர்ந்தெடுத்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடும்போது, தன்னை இனி எவனும் ஏமாற்ற முடியாது என்ற நிம்மதி அவர் முகத்தில் பரவும்.

அந்த நிம்மதியைத் தயாரித்துக் கொடுப்பவர் பர்சேஸ் அண்ணன். ஒரே கடையில் உட்கார்ந்து, ஒரே டீயைக் குடித்துக்கொண்டே, மூன்று லெட்டர்பேடில் மூன்று விலை எழுதி வாங்கி வந்துவிடுவார். அது கணக்குப் பிரிவுக்கு வந்ததும் ஓரத்தில் 'மூன்று தாள் சரி' என்று எழுதிக் கையெழுத்தைச் சுழித்துவிடுவது கணக்கம்மாவின் வேலை. அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு இந்தத் திருகுதாளம் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். மூன்று கம்பெனித் தாளிலும் ஒரே இடத்தில் டீ கிளாஸின் வட்டம் பதிந்திருந்தால் குருடனுக்குக்கூடத் தெரியும். பூனைக்கு மணி கட்டப் போனால் பிறாண்டப்படுவது கட்டுகிறவள்தானே என்று கண்டும் காணாமல் சுழித்துக்கொண்டிருந்தாள். சம்பளம் சுழிப்பதற்குத்தான், துப்பறிவதற்கு இல்லை என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தலைமைக் கணக்கர் முழங்கால் வலி என்று வேலையை விட்டுவிட்டார். அவருடைய நாற்காலி காலியானது. ஒரு கால் கட்டையாகி, உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் நாற்காலிதான். ஆனாலும் தலைமைக் கணக்கர் நாற்காலி. அதில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலையையெல்லாம் கணக்கம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். இனி நாற்காலியும் தனக்குத்தான் என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை.

முதலாளி வேறு மாதிரி நினைத்தார். அவருக்கு ஒரு மாப்பிள்ளை இருந்தார். ஒரு ஜூஸ் கடையையும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தையும் வெற்றிகரமாக மூடிவிட்டு, இப்போது மாமனாரின் கம்பெனிக்கு வந்திருந்தார்.

"ஆடிட்டர் சொல்லிட்டாரும்மா. அந்த சீட்ல உட்கார்றவங்க அக்கவுண்டன்சி முடிச்சிருக்கணும், இல்ல படிச்சிட்டாவது இருக்கணுமாம். மாப்பிள்ளையும் படிக்கிறார். நீயும் அடுத்த மாசக் கடைசிக்குள்ள எங்கயாவது சேர்ந்துடு. தபால்ல படிச்சாப் போதும். ஃபீஸை கம்பெனி கட்டும்" என்றார் முதலாளி.

கணக்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா மூணு கொட்டேஷன் வேணும்" என்றார் முதலாளி.

அன்றைக்கு மத்தியானமே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, 'கணக்கியல் தபால்வழிப் படிப்பு' என்று போனில் தேடினாள். அவ்வளவுதான். அதன்பிறகு போன் அவளைத் தேட ஆரம்பித்தது. கழுகுச் சின்னம் போட்ட ஒரு கல்வி நிலையம், சிங்கச் சின்னம் போட்ட இன்னொன்று, தீப்பந்தம் போட்ட மூன்றாவது. மூன்றும் மாறி மாறி எட்டிப் பார்த்தன. மூன்று விளம்பரத்திலும் பட்டமளிப்பு அங்கி போட்டவர்கள் தொப்பியைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். கணக்குப் படித்தவர்கள் இப்படிப் பொருளைத் தூக்கி எறிய மாட்டார்களே என்று அவளுக்கு ஒரு சின்ன சந்தேகம். இருந்தாலும் மூன்று வேண்டும், மூன்று கிடைத்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

முதலில் கழுகுக்கு அடித்தாள். தேன் தடவிய பெண் குரல் ஒன்று எடுத்தது.

"வணக்கம் மேடம், உங்கள் எதிர்காலத்துக்கு ஒரு கழுகுப் பார்வை. இருபதே நாள். புத்தகம் வீட்டுக்கே வரும். பாஸ் ஆகிறது எங்க பொறுப்பு."

"பரீட்சையை நான்தானே எழுதணும்?"

"அதெல்லாம் சேர்ந்தப்புறம் பேசிக்கலாம் மேடம்."

அப்போது போனுக்குள் ஒரு குருவி கீச்கீச்சென்று கத்தி, கடைசியில் தொண்டை அடைத்த மாதிரி கிர்ரென்று நின்றது. காலிங் பெல். "ஒரு நிமிஷம் மேடம்" என்று குரல் எழுந்து போய்த் திரும்பி வந்தது.

அடுத்து சிங்கம். இந்தப் பெண் கொஞ்சம் மூக்கால் பேசினாள். கழுகைப் பற்றிக் கேட்டதும், "அவங்களா, ஃபீஸ் வாங்கினதும் காணாமப் போயிடுவாங்க மேடம், பார்த்து" என்று எச்சரித்தாள். எச்சரிக்கை முடிவதற்குள் குருவி கத்தியது. கீச்கீச், கிர்ர். அந்த மாதிரி பெல் எத்தனையோ வீட்டில் இருக்கும், ஆனால் எல்லாக் குருவிக்குமா தொண்டை அடைக்கும் என்று யோசித்துக்கொண்டே தீப்பந்தத்துக்கு அடித்தாள்.

தீப்பந்தத்தில் ஜலதோஷம் பிடித்த ஒரு கனத்த குரல். "கழுகும் சிங்கமும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கட்டும் மேடம், நாங்க தரம்" என்று அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே குருவி வந்துவிட்டது.

"அம்மாடி, கதவைத் திறந்துட்டு வா, நான் காத்திருக்கேன். வந்து உன் சொந்தக் குரல்லயே பேசு. மூணு தொண்டையில பேசினா உடம்பு தாங்காது" என்றாள் கணக்கம்மா.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. பிறகு தேனும் மூக்கும் ஜலதோஷமும் இல்லாத ஒரு சாதாரணக் குரல் கேட்டது.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"உன் குருவிக்கு வேஷம் போட மறந்துட்ட. எத்தனை பேர் இருக்கீங்க அங்க?"

"நான் ஒருத்திதான். ஒரு மேசை, மூணு போன். ஜனங்க ஒரு இடத்துல கேட்டா சேர மாட்டேங்கிறாங்க அக்கா. மூணு இடத்துல விசாரிச்சுட்டுதான் சேருவாங்க. அதான் எங்க சார் மூணு இடத்தையும் அவரே ஆரம்பிச்சுட்டார்."

கணக்கம்மாவுக்கு எங்கேயோ சுருக்கென்று தைத்தது. எங்கே என்று அவளுக்குத் தெரியும். டீ வட்டத்தை நினைத்துக்கொண்டாள்.

"நீ அந்தப் பரீட்சை எழுதியிருக்கியா?"

"எழுதினேன் அக்கா. ரெண்டாவது பேப்பர்ல நின்னுட்டேன்."

"எங்க படிச்ச?"

"இங்கதான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு அந்தப் பெண்ணே மெதுவாகச் சொன்னாள். "நாங்க தர்ற சர்டிபிகேட் சுவத்துல மாட்டத்தான் ஆகும் அக்கா. நிஜப் பரீட்சை நடத்துறவங்க வேற. அவங்ககிட்ட கேளுங்க, எந்தெந்த இடத்தை ஒத்துக்கிட்டிருக்காங்கன்னு. அந்த இடத்துல, எழுதி அனுப்புற பயிற்சித்தாளை யார் திருத்துவாங்க, சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் தேறினாங்க, இந்த ரெண்டையும் கேளுங்க. அப்புறம் ஒண்ணு. அங்க போன் பண்ணா லேசுல எடுக்க மாட்டாங்க. எடுக்காத இடமாப் பார்த்துச் சேருங்க."

ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் மூன்று. மூன்றுக்கும் குரல் கொடுத்தவளுக்கு மட்டும் மனசாட்சி இருந்தது.

எடுக்காத இடம் கிடைத்தது. போன் அடித்து ஓய்ந்து, கடிதம் எழுதி, சில நாள் கழித்துப் பதில் வந்தது. மூன்று வருஷம் ஆகும், சேர்ந்தவர்களில் பாதிப் பேர் நடுவில் விட்டுவிடுகிறார்கள், முதலில் ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், தேறாவிட்டால் சேர்க்க மாட்டோம். யாருமே தொப்பியை எறியவில்லை. குளிர்பெட்டி ரிப்பேர் பார்க்கும் அவள் கணவன் அதைப் படித்துவிட்டு, "இவன்தான் யோக்கியன். எங்க தொழில்லயும் பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சரியாயிடும்னு சொல்றவனை நம்பக் கூடாது" என்றான்.

நுழைவுத் தேர்வு எழுதித் தேறினாள். கம்பெனி ஃபீஸ் கட்டவில்லை, ஒரே ஒரு கொட்டேஷன்தானே இருந்தது. சொந்தக் காசில் சேர்ந்தாள். வயிறு எரிந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சொன்ன மாசக் கடைசியில் முதலாளி அறையில் எல்லோரும் கூடினார்கள். மாப்பிள்ளை ஒரு பெரிய பையோடு வந்தார். பையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தங்க பிரேம் போட்ட சர்டிபிகேட்களை எடுத்து மேசையில் சாய்த்து வைத்தார். கழுகு. சிங்கம். தீப்பந்தம்.

"மாமா, ஒரு இடத்துல படிச்சா ஒரு பக்கப் பார்வைதான் கிடைக்கும். அதான் மூணு இடத்துலயும் சேர்ந்து படிச்சேன். எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

முதலாளி நெஞ்சு நிமிர்ந்தது. "மூணு" என்றார், பர்சேஸ் அண்ணனைப் பார்த்து. "ஆமாங்க, மூணு" என்றார் பர்சேஸ் அண்ணன். அந்த எண் மேல் அவருக்கு இருந்த மரியாதை உலகறிந்தது.

"நீ எத்தனை இடம்மா?"

"ஒண்ணுதாங்க. இப்பதான் சேர்ந்திருக்கேன். முடிக்க மூணு வருஷம் ஆகும்."

அறையில் இருந்தவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். கணக்கம்மா தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நம்பரும் அதில் இருந்தன. அழுத்தினால் மாப்பிள்ளை காலி. ஆனால் மூன்றும் ஒன்று என்று இந்த அறையில் ஒரு தடவை வெளிச்சமாகிவிட்டால், முதலாளியின் மூளை அங்கேயே நிற்குமா? மெதுவாக நடந்தாலும் பர்சேஸ் கோப்பு வரைக்கும் போய்விடும். அங்கே ஒவ்வொரு தாளிலும் அவளுடைய சுழி. நாற்காலி வேண்டுமானால் தன் சுழியையும் சேர்த்தே வெளியே இழுக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஸ்டூலுக்கே போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

கண்ணாடித் தடுப்பு வழியாக அந்த நாற்காலி தெரிந்தது. மாப்பிள்ளை தன் கறுப்புக் கண்ணாடியை அதன்மேல் ஏற்கெனவே வைத்துவிட்டு வந்திருந்தார், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே ஒரு ஆத்திரம்.

"வெளியிலேருந்து எந்தப் பேப்பர் வந்தாலும், கொடுத்தவங்களைக் கூப்பிட்டுக் கேட்டுட்டுதான் பைல் பண்ணணும்னு ஆடிட்டர் சொல்லுவாரே. ஒரு வார்த்தை கேட்டுடலாமாங்க?"

"தாராளமா கேளுங்க" என்றார் மாப்பிள்ளை, பெருந்தன்மையாக.

போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கழுகுக்கு அடித்தாள். தேன் வந்தது. கொஞ்ச நேரத்தில் குருவியும் வந்தது. கீச்கீச், கிர்ர். ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டு, அதே மாதிரி சிங்கத்துக்கு அடித்தாள். மூக்கு வந்தது. வாசலில் நின்றவருக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது, குருவி மறுபடியும் கத்தியது. முதலாளியின் புருவம் லேசாக ஏறியது.

"பாடத்திட்டமும் இப்படித்தான் மாமா. மூணு இடத்துலயும் ஒரே கேள்வித்தாள்தான் வந்துச்சு. அவ்வளவு தரமா இருக்கேன்னு நினைச்சேன்" என்றார் மாப்பிள்ளை.

தீப்பந்தம் ஜலதோஷத்தோடு எடுத்தது. கணக்கம்மா "வணக்கம்" என்றதுதான் தாமதம், ஜலதோஷம் பறந்துவிட்டது.

"அக்கா, நீங்களா? மூணுலயும் நீங்கதானா? என்னக்கா, எடுக்காத இடத்துல சேர்ந்துட்டீங்களா?"

"சேர்ந்துட்டேன்மா. அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

முதலாளி மூன்று பிரேமையும் பார்த்தார். அவர் மூளை மெதுவாக நடக்க ஆரம்பித்தது. நடந்து நடந்து, பர்சேஸ் அண்ணன் முகத்தில் போய் நின்றது. பர்சேஸ் அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீயை மேசையில் வைத்தார். வைத்த இடத்தில் வட்டம் பதிந்தது.

"நம்ம கொட்டேஷன்லாம்?" என்றார் முதலாளி. பிறகு கணக்கம்மா பக்கம் திரும்பினார். "ஓரத்துல சுழிச்சது நீதானே?"

"நான்தாங்க. மூணு தாள் இருக்கான்னு பார்க்கச் சொன்னீங்க, பார்த்தேன். மூணு ஆள் இருக்காங்களான்னு பார்க்கச் சொல்லல. நானாப் பார்த்திருக்கணும். பார்க்கல. தப்புதான்."

முதலாளிக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தத் தாள்களில் கடைசியாக இருந்தது அவருடைய பச்சை மை. அதனால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், பேனா மூடியைத் திருகிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். பர்சேஸ் அண்ணன் கோடவுனுக்கு. நாற்காலி கணக்கம்மாவுக்கு, சம்பளம் மட்டும் அவள் படிப்பு முடிக்கிறவரைக்கும் பழைய சம்பளம். ஒரே பொருளை மூன்று இடத்தில் மூன்று விலைக்கு வாங்கிய அனுபவம் இருப்பதால் மாப்பிள்ளை பர்சேஸுக்கு.

மறுநாள் கணக்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்தது. மாப்பிள்ளை நல்ல மனுஷன், அதைக் கவனித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கோப்போடு வந்து நின்றார்.

"உங்களுக்குப் புது நாற்காலி வாங்கப் போறேங்க. மூணு கொட்டேஷன் வாங்கிட்டேன். கடையெல்லாம் கோடவுன் அண்ணன்தான் காட்டிவிட்டார்."

கோப்பைத் திறந்தாள். மூன்று லெட்டர்பேட், மூன்று விலை, மூன்றிலும் ஒரே இடத்தில் டீ வட்டம். கீழே போட்டிருந்த முதல் நம்பருக்கு அடித்தாள். இரண்டாவது நம்பருக்கு அடித்தாள். மூன்றாவதுக்கு அடிக்கும்போது எடுத்தவரே, "எத்தனை தடவைதாம்மா கூப்பிடுவ?" என்று அலுத்துக்கொண்டார்.

கோப்பை மாப்பிள்ளை கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். ஓரத்தில் சுழிக்கவில்லை. கட்டைக் காலுக்கு அடியில் தபாலில் வந்திருந்த கழுகின் விளம்பரத் தாளை நாலாக மடித்து வைத்துவிட்டு, முதல் பாடத்தைப் பிரித்தாள். நாற்காலி இன்னும் கொஞ்சம் ஆடத்தான் செய்தது.