கட்டடத்து மணல்

"மணல் எறங்கியிருக்கு, பிலோ."

லாசர் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சமையலறை ஜன்னலுக்குள் பிலோமினாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா? நடுவுல குழி விழுந்துருக்கு. ஆரோ அள்ளியிருக்காங்க."

"மழைக்குக் கரைஞ்சிருக்கும்."

"தார்ப்பாய்க்குள்ள எங்கிட்டு மழை வந்துச்சு? சட்டி வச்சு அள்ளுன தடம் அப்படியே தெரியுது. மலைச்சாமி வேலையாத்தான் இருக்கும். அந்தாளுக்கு இது மேல எப்பவும் ஒரு கண்ணு."

"பாவம், அந்த மனுசன ஏன் இழுக்குறீங்க? நான்தான் அள்ளுனேன்."

"நீயா? எதுக்கு?"

"பவுடருக்கு."

லாசர் தார்ப்பாயைக் கீழே விட்டார். மேலே வைத்திருந்த செங்கல் ஒன்று உருண்டு போய் விழுந்தது. அதை எடுத்துத் திரும்ப வைத்தார்.

அது வெறும் மணல் இல்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். மகள் ஆன்மேரி நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போன வருஷம், இனிமேல் ஆற்று மணல் கண்ணால் பார்க்கக் கிடைக்காது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம், லாசர் ஒரு லோடு மணலை இறக்கி வைத்தார். ஞானஒளிவுபுரத்து வீட்டுக்கு மாடி கட்ட வேண்டும். ஆன்மேரியும் மாப்பிள்ளை டோனியும் கொஞ்ச காலம் சம்பாதித்துவிட்டு வந்ததும் மாடியில் குடியேற வேண்டும். சுற்றிலும் செங்கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, வெயிலுக்குக் கிழியக் கிழியப் புதுத் தார்ப்பாய் மாற்றி, அந்த மணலை அவர் காத்து வந்தார். பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது பீரோச் சாவியை வைத்திருந்த அதே கவனம்.

பவுடரும் ஆன்மேரி விட்டுப் போனதுதான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் கத்திக்கொண்டு கிடந்த பூனைக்குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு, மூஞ்சி மட்டும் வெள்ளை. "முகத்துக்கு மட்டும் பவுடர் அடிச்சிருக்கும்மா" என்று சிரித்தாள். அதுவே பேராகிவிட்டது. பக்கத்துக் காலி மனைதான் அதற்குக் கக்கூஸ். இந்தச் சித்திரையில் தெருநாய் ஒன்று பின்னங்காலைக் கவ்வி இழுத்துவிட்டது. காயம் ஆற மாதக்கணக்கானது, கால் மடங்கியே நின்றுவிட்டது. இனி மதில் ஏற முடியாது என்றானதும், போன வாரம்தான் பிலோமினாள் ஓர் அகலமான பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பை அறுத்துத் தாழ்த்தி, பின்கட்டுக் குளியலறையில் வைத்தாள். தார்ப்பாயைத் தூக்கி ஒரு சட்டி மணல் அள்ளிப் போட்டாள். பவுடர் முதல் நாளே புரிந்துகொண்டது.

அள்ளும்போது அவள் தயங்கவில்லை. தயங்காததற்குக் காரணம் இருந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால், லாசர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆன்மேரி போன் செய்திருந்தாள்.

"அம்மா, இங்கயே வீடு வாங்கிட்டோம்மா. பிள்ளைகளுக்குப் படிப்பு இங்கதான்னு ஆயிருச்சு. மாடியெல்லாம் வேண்டாம்."

"அப்பாகிட்டச் சொல்லுறியா?"

"என்னால முடியாதும்மா. அவரு மணலப் பத்தித்தான் முதல்ல கேப்பாரு. நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றாள் பிலோமினாள். ஈஸ்டர் போனது, செப்டம்பரில் மாதா பிறந்தநாள் போனது, மழைக்காலமும் வந்துவிட்டது. அவளால் சொல்ல முடியவில்லை.

"வேற மண்ணு போட்டுக்க," என்றார் லாசர், உள்ளே வந்து கால் கழுவிக்கொண்டே. "இனி இத ஒரு கை எடுக்கக் கூடாது."

"ஒரு சட்டிதானங்க. ஒரு லோட்டுல ஒரு சட்டி."

"சட்டி கணக்கு இல்ல பிலோ. நல்லாக் கேட்டுக்க. ஒரு கை அள்ளிட்டா அது கட்டடத்து மணல் இல்ல. சும்மா கெடக்குற மணல்."

பதில் சொன்னால் முழுதும் சொல்ல வேண்டும். அவள் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள்.

மறுநாள் அடுத்த தெருக் கொத்தனார் மலைச்சாமி, சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், எம் சாண்ட் கேட்டீங்களாமே. கட்டட வேலை ஆரம்பிச்சாச்சா?"

"இல்லப்பா. பூனைக்கு."

"பூனை வீடு கட்டுதா?"

"வெளிக்கிப் போறதுக்குய்யா!"

"ஆத்து மணல வாசல்ல வச்சுக்கிட்டு, பூனைக்கு எம் சாண்ட் வாங்குற ஒரே ஆளு நீங்கதான் சார். நானும் எம்புட்டு நாளாக் கேக்குறேன், எங்க வீட்டுப் பூச்சு வேலைக்கு நாலு சட்டி குடுங்கன்னு."

"பொண்ணு வரட்டும், மலைச்சாமி. வேல முடிஞ்சு மிஞ்சுனா மொதச் சட்டி உனக்குத்தான்."

"ஆன்மேரி பாப்பா எப்ப வருது சார்?"

"வரும். லீவு பாத்துக்கிட்டு இருக்கா."

மலைச்சாமி பிலோமினாளைப் பார்த்தார். அவள் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

புது மணல் சாம்பல் நிறமாக இருந்தது. பவுடர் முகர்ந்தது. முன்காலை வைத்தது. சுடுசோற்றில் கை வைத்தது போல எடுத்து உதறியது. இன்னொரு காலை வைத்துப் பார்த்து அதையும் உதறியது. பிறகு மடங்கிய காலை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தது.

"கல்லு ஒடச்ச பொடிங்க அது. குத்துது அதுக்கு."

"பழகிரும். மனுசங்களே பழகிட்டாங்க."

பவுடர் பழகவில்லை. முதலில் வாசல் மிதியடியில் போனது. அடுத்து கொடியிலிருந்து விழுந்த லாசரின் பனியனில். பிலோமினாள் பேப்பரைக் கிழித்துப் போட்டுப் பார்த்தாள். மலைச்சாமியின் மனைவியிடம் கேட்டு அடுப்புச் சாம்பல் வாங்கிக் கலந்து பார்த்தாள். கடையில் பூனைக்கென்று பாக்கெட்டில் விற்கிற, வாசனை போட்ட மண்ணையும் வாங்கினார்கள். பவுடர் தும்மிவிட்டு வெளியே வந்துவிட்டது. லாசர் பினாயில் ஊற்றிக் குளியலறையைக் கழுவினார். அன்றிலிருந்து அது அந்தப் பக்கமே போகவில்லை.

"வீம்பு பண்ணுது," என்றார் லாசர். "இல்லாட்டி ஏதோ சீக்கு. வா, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்."

சீக்காக இருந்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது பிலோமினாளுக்குத் தெரிந்தது. ஊசி போட்டால் தீர்கிற விஷயமாகிவிடுமே.

டாக்டர் தமிழ்வாணி சின்னப் பெண். பவுடரின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், பாதங்களைத் திருப்பிப் பார்த்தாள், மூத்திரத்தைச் சோதித்துவிட்டு வந்தாள்.

"கல்லு இல்ல, கிருமி இல்ல. நல்லா இருக்கு சார். மணல் எதுவும் மாத்துனீங்களா?"

"மாத்துனோம். அதுவும் மணல்தான்."

"மூணு காலுல நிக்கிற பூனை சார். அம்புட்டுக் கனமும் மூணு காலுக்குத்தான போகும்? கூராக் குத்துனா எப்படி நிக்கும்? பழைய மணலையே போடுங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"அது கட்டடத்துக்கு வச்சிருக்குற மணல், மேடம்."

"அப்படியா, எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அடுத்த மேசையில் ஓர் ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. லாசர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"பொண்ணு வரணும்," என்றார்.

பிலோமினாள் பவுடரின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் பவுடர் ஆன்மேரியின் மெத்தையில் போனது.

மாதம் ஒரு தடவை லாசர் அந்த மெத்தையை வெயிலில் போட்டு, தட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் திரும்ப வைப்பார். யாரும் அதில் படுப்பதில்லை. அன்றைக்கு உறையைக் கழற்றிவிட்டு, கயிறு எடுக்க வெளியே போயிருந்தார். வந்து பார்த்தபோது நடுவில் ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது. பவுடர் மெத்தையின் துணியை முன்காலால் இழுத்து இழுத்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

லாசர் மெத்தையை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

"அழகுராஜாவுக்குப் போன் போட்டுட்டேன்," என்றார் சாப்பிடும்போது. அழகுராஜா பள்ளிக்கூடத்தில் அவரோடு பியூனாக இருந்தவர். இப்போது கொட்டாம்பட்டியில் தோட்டத்தோடு இருக்கிறார். "கொண்டுவாங்கண்ணே, பாத்துக்கிறேன்னுட்டான். தோட்டம் இருக்கு, எலி இருக்கு. மண்ணுக்கும் பஞ்சமில்ல."

"நாயும் இருக்கும்."

"இருக்கும்."

"ஓட முடியுமா அதால?"

"வேற என்ன செய்யச் சொல்ற?"

"ஆன்மேரி கேட்டா?"

"அவ வந்தா வேற குட்டி வாங்கிக்கிறலாம். மெத்தை நாறிக் கெடந்தா எதுல படுப்பா?"

ஞாயிறு ஆன்மேரி பேசினாள். லாசர் பூனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டார். பார்க்கலாம்ப்பா என்றாள். போன் பிலோமினாள் கைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னும் சொல்லலையாம்மா?" என்றாள்.

"சொல்றேன்."

"எப்பம்மா?"

"சாப்பிட்டியா? பிள்ளைகளுக்குச் சளி விட்டுருச்சா?" என்று கேட்டாள் பிலோமினாள்.

திங்கள் காலை லாசர் சட்டை போட்டு, செருப்பு மாட்டி, பவுடரை ஒயர் கூடைக்குள் வைத்து, மேலே துண்டால் இறுக்கிக் கட்டினார். மாட்டுத்தாவணி போய்க் கொட்டாம்பட்டி பஸ் பிடிக்க வேண்டும். கூடைக்குள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாய் கடித்த அன்றைக்கும் அது அப்படித்தான் முனகியது.

"வாரேன் பிலோ. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

"நில்லுங்க."

"வெயில் ஏறிரும்."

"கூடையக் கீழ வைங்க. அந்த மணலுக்கு இனி வேல இல்ல."

லாசர் திரும்பவில்லை. கேட்டின் கொண்டியில் வைத்த கை அப்படியே இருந்தது.

"என்ன சொன்ன?"

"அங்கயே வீடு வாங்கிட்டாங்க. பிள்ளைகளுக்கும் அங்கதான் படிப்பு. மாடி வேண்டாமாம்."

"ஆரு சொன்னா?"

"உங்க மகதான்."

"நேத்தா?"

"தவக்காலத்துல. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தி."

அவர் மெதுவாகக் கூடையை இறக்கினார். வாசற்படியில், செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார். தெருவில் பால்காரர் போனார், "என்ன சார், ஊருக்கா?" என்றார். லாசர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் போகட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"அப்ப நாய் கடிச்சது?"

"அதுக்குப் பின்னாடி."

"அப்ப தெரிஞ்சுதான் அள்ளியிருக்க."

"தெரிஞ்சுதான் அள்ளுனேன்."

"நான் மாசா மாசம் மெத்தையக் காய வச்சேனே. ஒரு நா சொல்லக் கூடாதா, வேண்டாம்னு?"

"மெத்தையத் தூக்கிக்கிட்டு வெயிலுக்குப் போறப்ப உங்க மூஞ்சிய நீங்க பாத்ததில்ல. பாத்திருந்தா நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்க."

லாசர் மணல் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயின் ஓரம் காற்றில் எழும்பி எழும்பி அடங்கியது.

"எங்கிட்ட ஏன் சொல்லல அவ?"

"நீங்க ஒடைஞ்சிருவீங்கன்னு."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சந்தோசமா இருக்காளாமா? வீடு பெருசா?" என்றார்.

"பின்னாடி தோட்டம் இருக்காம்."

"மாடி?"

"இருக்காம்," என்றாள்.

அவர் எழுந்தார். செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார். தார்ப்பாயை முழுதாக உருவி மதில்மேல் போட்டார். இத்தனை காலத்தில், தார்ப்பாய் மாற்றுகிற நேரம் தவிர, அந்த மணல் முழுதாக வெயிலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கிட்டத்தட்ட மஞ்சளாக இருந்தது. நடுவில் பிலோமினாள் அள்ளிய குழி.

"சல்லடை எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"கூழாங்கல்லு கெடக்கும். குத்துச்சுன்னா மறுபடியும் போகாது."

சலித்த மணலைத் தொட்டியில் கொட்டிக் கையாலேயே நிரவினார். பினாயில் வாடை போகக் குளியலறையை வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினார். பிலோமினாள் கூடையின் துண்டை அவிழ்த்ததும் பவுடர் பாய்ந்து கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. கூப்பிட்டார்கள், வரவில்லை.

"விடுங்க. அதுவா வரட்டும்."

சமையலறையில் எதிரெதிராக உட்கார்ந்து காபி குடித்தார்கள். அழகுராஜா போன் செய்தார். "வரலப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார் லாசர். மத்தியானம் ரசமும் அப்பளமும். அவர் பாதிச் சோற்றோடு கை கழுவப் பார்த்தார். அப்போதுதான் குளியலறைப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"பவுடரா?"

"பேசாதீங்க. பேசுனா எந்திரிச்சிரும்."

சர்... சர்... என்று மணல் இழுபடும் சத்தம். நின்றது. திரும்ப வந்தது.

"மூடுதா?"

"மூடுது."

"இம்புட்டு நேரமாவா?"

"நல்லா மூடட்டும்."

சத்தம் ஓயும்வரை லாசர் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். பவுடர் நொண்டி நொண்டி வந்து, அவர்களைத் திரும்பிப் பார்க்காமல், வெயில் விழுந்த இடத்தில் படுத்து, பாதத்தை நக்க ஆரம்பித்தது.

"சாயங்காலம் மலைச்சாமிய வரச் சொல்லு," என்றார் லாசர். "பூச்சு வேலைக்குக் கேட்டாருல்ல. எடுத்துக்கிறட்டும்."

"எல்லாத்தையுமா?"

அவர் பூனையைப் பார்த்தார்.

"இதுக்கு வேணுங்கறத ஒதுக்கிட்டு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.