உட்கார வந்தவள்

"ஜெபமா, சுத்திப் பாக்கவா?"

பேராலயத்தின் வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காவலாள் கேட்டான். நாங்கள் அவனை விசில் என்போம். கேட்டது என் மனைவியிடம். எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இங்கேதான், அவள் கல்யாணம் நடந்ததும் இங்கேதான். அந்த இரண்டு நாளும் இந்த வாசலில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. வாங்க வாங்க என்றார்கள். இப்போது கயிறு கட்டி ஆள் போட்டுக் கேட்கிறார்கள்.

ஜெபம் என்றால் இலவசம். சுற்றிப் பார்க்க என்றால் டிக்கெட். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருப்பதாக இந்தச் சட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவே இல்லை. என் மனைவி ஜெபிக்கவும் வரவில்லை, கண்ணாடி ஜன்னலில் இருக்கிற புனிதர்களை எண்ணிப் பார்க்கவும் வரவில்லை. அவள் உட்கார வந்தாள்.

அவளுக்குக் காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை. விடியும் முன்பே அலுவலகக் கட்டடங்களில் தரை துடைப்பாள். சாயங்காலம் மருத்துவமனையில் துணி வெளுக்கும் இடத்துக்குப் போவாள். வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். போய்ச் சேர்ந்தால் உடனே திரும்ப வேண்டும். அதனால் இடைப்பட்ட நேரத்தைப் பேராலயத்தில்தான் கழிப்பாள். கடைசி வரிசை, தூணை ஒட்டிய மூலை. செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, முழங்கால் போடுகிற பலகையில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. வைத்தியர் சொன்ன மருந்து ஒன்றுதான்: காலைத் தொங்கப் போடாதே. அந்த மருந்தை இத்தனை வருடமாகக் கொடுத்தது அந்தப் பலகை.

நானும் அதே கட்டடத்தில்தான் இருந்தேன், அவள் தலைக்கு மேலே. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பழைய ஓட்டைப் பிரித்துப் புது ஓடு போடுகிற வேலையை எங்கள் மேஸ்திரி எடுத்திருந்தார். நான் சாரத்தில் ஏறி ஓடு சுமக்கிறவன். டிக்கெட் போட்டதே இந்தக் கூரைக்காகத்தானாம். உன் கூலியே அந்தப் பணந்தான்யா என்று மேஸ்திரி சொன்னார். அவளை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, அவள் உட்கார்ந்த இடத்துக்கு மேலே என்னைக் கொண்டே ஓடு மாட்டச் சொல்கிறார்கள்.

முதல் நாள் அவள் ஜெபம் என்றுதான் சொன்னாள். ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் சின்ன ஆலயம் ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். சாய்மானம் இல்லாத முக்காலிகள். காலை நீட்ட வழியில்லை. நடுக்கூடம் முழுவதும் காதில் கருவி மாட்டிக்கொண்டு நடக்கிற டிக்கெட்காரர்களுக்கு. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள், அசந்துவிட்டாள். மேலாளர் அம்மா வந்து தோளைத் தட்டியிருக்கிறார். வருகையாளர் பிரிவு என்று ஒன்று புதிதாக வந்ததே, அதற்குத் தலைவி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கிடாக்கி.

"அம்மா, இது ஜெபம் பண்ற இடம்."

"ஜெபந்தான் பண்றேன்."

"கண்ணு மூடியிருந்துச்சே."

"கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு யாருங்க ஜெபம் பண்ணுவாங்க?"

"குறட்டை விட்டீங்க."

இதை என்னிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது அவளுக்கு மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது. "குறட்டை விட்டேனாம்! ஏங்க, நான் குறட்டை விடுவேனா?"

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டும்.

மறுநாள் விசில் அவளை உள்ளேயே விடவில்லை. மேடம் ஆர்டர். அவனை விசில் என்று கூப்பிடுவது, முன்பு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்ததால். இப்போது விசிலைப் பிடுங்கிக்கொண்டு கோட்டு மாட்டி விட்டிருந்தார்கள். வெயிலில் அந்தக் கோட்டுக்குள் அவன் அவிந்துகொண்டிருந்தான். அதற்காக எனக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிடவில்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். மேலிருந்து பார்த்தேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிற கையை அடையாளம் தெரிந்தது.

ஃபாதரிடம் போனேன். பேராலயத்தின் பொறுப்பு அவருடையது. கெட்டவர் இல்லை. எங்கள் எல்லோர் பெயரும் அவருக்குத் தெரியும், யாருக்கு என்ன கஷ்டம் என்றும் தெரியும். அவரை நாங்கள் 'பார்க்கலாம் சாமி' என்போம். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான்.

"எனக்குப் புரியுதுப்பா. நான் மட்டும் முடிவெடுக்கிறதில்ல, குழு இருக்கு. கூரைக்குச் செலவு எவ்வளவுன்னு உனக்கே தெரியும்."

"கூரை எதுக்கு ஃபாதர்?"

"என்னப்பா கேள்வி இது?"

"கூரைக்குக் கீழ ஆள் இருக்கத்தானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்க்கலாம்" என்றார்.

வெளியே வரும்போது வாசலுக்கு மேலே பார்த்தேன். உழைத்துக் களைத்தவர்களை உள்ளே வரச்சொல்லி அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பேராலயத்தின் கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடந்த காலத்தில் எழுத்துக்கூட்டப் பழகி, நான் முழுசாக வாசித்த முதல் வரி அது. அந்த வகுப்பு இப்போது இல்லை. கூடத்தை விருந்துகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அந்தக் கல்லுக்கு நேர் கீழே டிக்கெட் விலைப் பலகை தொங்குகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்த ஒருவருக்குமா வெட்கம் வரவில்லை?

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. மேலே எந்த இடத்தில் வேலை நடக்கிறதோ அதற்கு நேர் கீழே சிவப்பு வெள்ளை டேப் கட்ட வேண்டும். 'வேலை நடக்கிறது' என்று பலகை வைக்க வேண்டும். தலையில் ஏதாவது விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது? அந்த டேப்புக்குள் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். பிஷப்பே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவார். அந்த வாரம் எங்கள் வேலை கடைசித் தூணுக்கு மேலே நடந்து முடிந்து, பீடத்துப் பக்கம் நகர்ந்தது. கீழே டேப்பை அவிழ்த்துவிடு என்றார் மேஸ்திரி. சரி என்றேன். அவிழ்க்கவில்லை.

மறுநாள் அவளை வேலையாட்கள் போகிற பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் சட்டை மாட்டி, தலையில் ஹெல்மெட் வைத்தேன்.

"சட்டியக் கவுத்த மாதிரி இருக்கு."

"பேசாம வா."

"இதுக்குள்ள எப்படிங்க தூங்குறது?"

தூங்கினாள். பழைய மூலையில், பலகைமேல் காலை வைத்துக்கொண்டு, ஹெல்மெட் மூக்கு வரை இறங்கியிருக்க, நன்றாகவே தூங்கினாள். டிக்கெட்காரர்கள் டேப்பைக் கண்டதும் ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் போட்டோகூட எடுத்தார்.

இரண்டாம் நாள் விசில் கண்டுபிடித்துவிட்டான்.

"அண்ணே, வேலை அந்தப் பக்கம் போயிருச்சே. இங்க எதுக்கு டேப்பு?"

"காயணும்."

"என்னது காயணும்?"

"சுண்ணாம்பு."

அவன் எட்டிப் பார்த்தான். "உங்க சுண்ணாம்பு செருப்பக் கழட்டி வச்சிருக்கு போல."

நான் ஓட்டுக் கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். காட்டிக்கொடுப்பானா என்று அவன் முகத்தையே பார்த்தேன். கோட்டுக் காலரைத் தளர்த்திக்கொண்டான்.

"காயட்டும், காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அது என் கையில் இல்லை. முன்பெல்லாம் மதியத்தில் இங்கே வந்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்தி மட்டுமா? பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிக்கிற ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் டேப்பைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தார். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இடமில்லாமல் அலைந்த காய்கறிக்காரப் பெண் வந்தாள். வேலை தேடி நடந்து களைத்த இரண்டு பேர் வந்தார்கள். நான் டேப்பை அவிழ்த்து இன்னும் இரண்டு பெஞ்சு தள்ளிக் கட்டினேன். பேராலயத்தில் ஜனங்கள் இருக்கிற இடம் அது ஒன்றாகத்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் வருகையாளர்கள்.

மாட்டிக்கொண்டதுதான் அநியாயம். தூங்கி மாட்டவில்லை, குறட்டையில் மாட்டவில்லை. ஜெபம் பண்ணி மாட்டினோம்.

நண்பகல் மணி அடித்தால் எழுந்து நின்று மூவேளை ஜெபம் சொல்வது எங்கள் ஆட்களுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்து பழக்கம். மூளை தூங்கினாலும் கால் எழுந்துகொள்ளும். அன்று மேலாளர் அம்மா, கூரைக்குப் பணம் கொடுக்கிற பெரிய மனிதர்கள் சிலரை நடுக்கூடத்தில் கூட்டிக்கொண்டு வந்து, மேலே கையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். ஃபாதரும் கூட இருந்தார். மணி அடித்தது. டேப்புக்குள் இருந்த அத்தனை பேரும் விருட்டென்று எழுந்தார்கள். என் மனைவி தூக்கத்திலேயே எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிலுவை போட்டு, உரக்கத் தொடங்கிவிட்டாள். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். குழந்தைகூடச் சத்தம் போட்டது. வந்திருந்தவர்கள் இதுவும் ஏற்பாடு பண்ணிய நிகழ்ச்சி என்று நினைத்துப் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள்.

நான் சாரத்திலிருந்து இறங்கி ஓடிவருவதற்குள் மேலாளர் அம்மா டேப்பின் முன்னால் நின்றார்.

"இங்க என்ன வேலை நடக்குது?"

என் மனைவி ஜெபத்தை முடித்து, சிலுவை போட்டு, அதற்கப்புறம்தான் பதில் சொன்னாள். "பாத்தா தெரியலையா? கோயில்ல நடக்கிற வேலைதான்."

"ஜெபம் பண்ணணும்னா அதுக்கு இடம் குடுத்திருக்கோமே."

"அங்க கால் வைக்க இடமில்ல."

"ஜெபத்துக்குக் கால் எதுக்கும்மா?"

பத்திரிகை வாசிக்கிற டிரைவர் குறுக்கே விழுந்தார். "அப்ப நீங்க எதுல நின்னுக்கிட்டுப் பேசுறீங்க?"

பெரிய மனிதர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மேலாளர் அம்மாவின் முகம் சிவந்தது. "ஃபாதர், நீங்களே சொல்லுங்க. டேப்பு கட்டி ஏமாத்தி உள்ள வந்திருக்காங்க. இவங்க இங்க இருக்கலாமா, கூடாதா?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். மணி அடித்தபோது சிலுவை போடத் தூக்கிய கை அவருக்கு இன்னும் நெஞ்சருகிலேயே நின்றது. அவரும் ஜெபத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், உதடு அசைந்ததை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை. அவர் பணக்காரர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

"பார்க்கலாம்" என்றார்.

"பாருங்க ஃபாதர்!" நான் கத்திவிட்டேன். அந்த உயரக் கூரையில் என் குரல் போய் முட்டித் திரும்பி வந்தது. "இப்பவே பாருங்க. நாளைக்கு எதுக்கு? இதோ நிக்கிறாங்க. மேல ஒழுகுதுன்னு ஊரெல்லாம் கையேந்துறீங்களே, கீழ ஆளே இல்லாம ஒழுகினா என்ன, ஒழுகாட்டி என்ன? ஆள வெளிய அனுப்பிட்டு யாருக்கு ஓடு போடுறோம், புறாவுக்கா?"

அவர் தலை நிமிரவில்லை. மேஸ்திரி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவருக்கு வேலை போய்விடும் என்ற பயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குப் பின்னால் பத்துக் குடும்பம்.

"டேப்ப அவுருய்யா."

"கட்டினவன் நான். அவுக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வராத."

மேலாளர் அம்மாவே இழுத்துப் பிய்த்தார். நல்ல டேப், லேசில் அறாது. அவர் மல்லுக்கட்டுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி ஹெல்மெட்டைப் பெஞ்சில் வைத்தாள், செருப்பைத் தேடி மாட்டினாள், பின்வாசல் பக்கம் திரும்பிய என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெரிய வாசல் வழியா போலாம். நாம என்ன திருடவா வந்தோம்?"

அப்படியே போனோம், குழந்தையும் பத்திரிகையுமாக.

அடுத்த நாள் மழை. எனக்கு வேலை இல்லை, அவளோடு நானும் வந்தேன். இனி அங்கே போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "வேற எங்க போக?" என்றாள். வாசலில் டிக்கெட்காரர்கள் குடையை மடக்கி உதறி உதறி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. விசில் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"ஜெபமா, சுத்திப் பாக்கவா?"

"உக்கார" என்றாள் அவள்.

"அப்படி ஒண்ணு இல்லக்கா."

"இருக்கு. நீ தெனமும் நின்னுக்கிட்டே இருக்கிறதால ஒனக்கு மறந்துபோச்சு."

அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான். உள்ளே திரும்பிப் பார்த்தான். மேலாளர் அம்மா தூரத்தில் யாருக்கோ எதையோ காட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் கொக்கியைக் கழற்றினான்.

"கடைசி வரிசை. சீக்கிரம் போக்கா. அந்தம்மா வந்தா எனக்குத் தெரியாது."

அவள் போனாள். அவன் என்னைப் பார்த்தான். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். சொல்லவில்லை. ஒரு மனுஷி தன் கோயிலில் உட்கார்ந்ததற்கு எதற்கு நன்றி? இன்றைக்கு விட்டான், நாளைக்கு மேடம் வாசலில் நின்றால் விடமாட்டான். அவனுடைய பயத்தை நம்பித்தான் அவள் காலை நீட்ட வேண்டும் என்றால், அதற்குப் பெயர் இடமா?

கயிற்றுக்கு வெளியே நின்றபடி உள்ளே பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் அவள் செருப்பைக் கழற்றித் தள்ளுவது தெரிந்தது. வழக்கமாக மழை வந்தால் அந்த மூலையில்தான் முதலில் சொட்டும், அடியில் ஒரு வாளி வைத்திருப்பார்கள். வாளியைக் காணோம். ஒரு சொட்டு விழவில்லை.

நான் நனைந்துகொண்டு நின்றேன்.