இரண்டாம் வகுப்பில் குண்டூசி காணவில்லை

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. நேற்று இரவு ஆற்றிலிருந்து திரும்பிய என் மனைவி ரத்திகான், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னது இது. கையெல்லாம் வாழைக்கறை. பாவாடை ஓரம் நனைந்திருந்தது. நான் மத்தியானம்தான் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தேன். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் குறுக்கே பேச முடியவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடித்தது நேற்றுதான்.

அவள் முடிப்பதற்குள் நான் நோட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: *சந்திர வருடத்தின் பன்னிரண்டாம் மாதத்துப் பௌர்ணமி ஆற்றின் மேல் வெள்ளித்தட்டாக —*

அடித்துவிட்டேன். நிலவுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாவது: *ரத்திகான் பொறுமையான ஆசிரியை.*

இதை அவளே அடித்தாள்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: நேற்றுக் காலை எட்டரை மணிக்கு, லோய் கிரதோங் திருநாளன்று, இரண்டாம் வகுப்பில் ஆறு டப்பா குண்டூசிகள் காணாமல் போயின.

2

ரத்திகானுக்கு வருடம் என்பது மாதங்களால் ஆனதல்ல, பசையாலும் கத்தரிக்கோலாலும் ஆனது. மழை தொடங்கினால் காகிதத் தவளை. ஆகஸ்டில் அன்னையர் தினத்துக்குக் காகித மல்லிகை. நவம்பரில் கிரதோங்.* வகுப்பில் முப்பத்தொரு பேர். எல்லாருக்கும் ஏழு வயது, அல்லது ஏழு ஆகப்போகிற வயது. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டி, ஆறு மணிக்கு எல்லோரும் வரிசையாக ஆற்றுக்கு.

(* வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, சுற்றிலும் வாழையிலையை இதழ் இதழாக மடித்துக் குத்தி, நடுவில் பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்து, வருடமெல்லாம் தண்ணீரை அசுத்தம் செய்ததற்கு ஆற்றம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு மிதக்கவிடுவோம். எங்கள் ஊர் ஆற்றின் பெயரே 'நான்'. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான ஆறு கிடைக்காது. ஆனால் இதை வைத்து விளையாட மாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

இதழ்களைத் தண்டோடு பிடித்து வைப்பது குண்டூசிதான். அது இல்லையென்றால் முப்பத்தொரு வாழைத்தண்டு வட்டுகளும் ஒரு குவியல் இலையும் மட்டும்தான் மிச்சம்.

"யார் எடுத்தது?" என்று ரத்திகான் கேட்டாள்.

கடைசி வரிசையிலிருந்து தாங்மோ மட்டும், "பூனை எடுத்திருக்கும் டீச்சர்," என்றாள்.

தாங்மோ என்றால் தர்ப்பூசணி. வீட்டில் வைத்த பெயரே பள்ளிக்கூடத்திலும் நிலைத்துவிட்டது. என் முதல் பிரதியில் இவளைப் பெரிய கண்ணும் ஒட்டின கன்னமுமாக, பார்த்தாலே இரக்கம் வருகிற பிள்ளையாக எழுதியிருந்தேன். ரத்திகான் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அது நல்லா கொழுகொழுன்னு இருக்கும். பொய்யை முகம் மாறாம சொல்லும். நீ யாரை எழுதியிருக்க?"

ஆகவே திருத்திக்கொள்ளுங்கள். கொழுகொழுவென்று இருக்கிற, முகம் மாறாமல் பொய் சொல்கிற தாங்மோ.

3

ஜூன் மாதம் வகுப்பே சேர்ந்து காகிதக்கூழில் செய்த பெரிய பச்சைத் தவளை ஒன்று அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது. கோல்ஃப் என்கிற பையன் (இங்கே செல்லப்பெயர்கள் இப்படித்தான்) பந்து எடுக்கிற சாக்கில் அதை நகர்த்தினான்.

"டீச்சர், தவளை வயித்துக்குள்ள என்னமோ சத்தம் கேக்குது."

கவிழ்த்தார்கள். வாய் வழியாக ஆறு டப்பாக்களும் ஒரே கட்டாக விழுந்தன. மூடிகள் திறந்துகொள்ளாமல் இருக்க அவற்றைக் கட்டியிருந்தது தாங்மோவின் தலை ரிப்பன்.

இப்போது ஒரு இடம் வருகிறது. அதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ரத்திகான் பெருமூச்சு விடுகிறாள். இன்னொன்றில் தாங்மோவைத் தனியாக அழைத்து விசாரிக்கிறாள். மூன்றாவதில் நான் பத்தியையே தாண்டி —

"அதை எடுத்துடாத," என்றாள் ரத்திகான். இன்று காலை, என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே.

"படிக்கிறவங்க உன்னைத் தப்பா நினைப்பாங்க."

"நினைக்கட்டும். நான் 'திருடி'ன்னு சொன்னேன். முப்பது பிள்ளைங்க முன்னாடி. நீ சொல்லாம விட்டுட்டா அப்புறம் அவ என்னத்துக்கு அழாம அப்படி நின்னான்னு யாருக்கும் புரியாது."

ஆகவே எழுதுகிறேன். நேரம் போகிறது, போட்டி இருக்கிறது, தலைமையாசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். ரத்திகான் சொன்னாள்: "திருடி. ஏழு வயசுலேயே திருட்டு."

தாங்மோ அழவில்லை. ரிப்பனை மட்டும் குனிந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

4

தாங்மோவின் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். பன்னிரண்டரைக்கு வந்தாள். பெயர் சமோன். நகராட்சிக்கு வேலை செய்கிறவள். திருநாளுக்கு மறுநாள் விடிந்ததும் படகில் போய், பாலத்தடியில் ஒதுங்குகிற கிரதோங்குகளையெல்லாம் அள்ளிக் கரையில் சேர்க்கிற கூட்டத்தில் ஒருத்தி.

வந்ததும் கைகூப்பினாள். "மன்னிச்சுக்குங்க டீச்சர். வீட்ல ஒரு சாமானைத் தொடமாட்டா. என்ன பிடிச்சதோ தெரியல."

கூப்பிய கையில் ஒரு விரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் விறைத்து நின்றது. வலது கை ஆள்காட்டி விரல். நகம் இல்லை.

"கையில என்னாச்சு?"

"போன வருஷம் டீச்சர். அள்ளும்போது ஊசி நகத்துக்குள்ள ஏறிடுச்சு. சீழ் வெச்சு, கீறி விட்டாங்க. இலைக்குள்ள இருக்கிற ஊசி கண்ணுக்குத் தெரியறதில்ல. கையுறை போட்டாலும் ஏறிடுது."

(இங்கே ரத்திகான் என்ன உணர்ந்தாள் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். "நிலம் பிளந்து" என்றெல்லாம் வந்தது. கேட்டேன். "ஒண்ணும் உணரல. காது சூடாச்சு, அவ்வளவுதான்," என்றாள். அரைப் பக்கம் போயிற்று.)

ரத்திகான் தாங்மோவின் பெஞ்சருகே போய்க் குந்தினாள். "ஏம்மா முதல்லயே சொல்லல?"

"டீச்சர் கேக்கல."

உண்மைதான். யார் எடுத்தது என்று ஒன்பது முறை கேட்டிருக்கிறாள். ஏன் என்று ஒரு முறையும் இல்லை.

ரத்திகான் எழுந்து நின்று, சமோனும் இருக்கும்போதே வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "தாங்மோ திருடல. டீச்சர்தான் தப்பா பேசிட்டேன். தாங்மோ, மன்னிச்சுக்கோ."

எங்கள் ஊரில் எந்த ஆசிரியரும் பிள்ளையிடம் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தாங்மோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு மணி ஆகப்போகுது டீச்சர்," என்றாள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தென்னை ஈர்க்குச்சியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதால குத்தலாம். ஊறினா மெத்துன்னு ஆயிடும். வீட்ல பக்கெட்ல போட்டுப் பாத்துட்டேன்."

5

இந்தப் பகுதியை எழுதத்தான் நேற்றிலிருந்து கை துறுதுறுவென்று இருக்கிறது.

முப்பத்தொரு கிரதோங். ஒன்றுக்கு இருபது இதழ். அறுநூற்றுச் சொச்சம் ஈர்க்குத் துண்டுகள், இரண்டு மணி நேரத்துக்குள். எங்கே கிடைக்கும் என்று ரத்திகான் யோசிப்பதற்குள் கோல்ஃப் கதவைத் தாண்டியிருந்தான். அவன் பின்னால் பத்துப் பேர். மைதானம் கூட்டுகிற தென்னந்துடைப்பங்கள் மாமரத்தடியில் சாய்ந்திருந்தன, எட்டு. ஒரு நிமிடத்தில் எட்டும் கட்டவிழ்ந்து, மரத்தடியெங்கும் குச்சி.

காவலாளி பிரயோங் மாமா ஓடி வந்தார். "அடப் பாவிங்களா, நாளைக்கு வாசலை எதால கூட்டுவேன்? உங்க டீச்சர் கூந்தலாலயா?"

"மாமா, ஊசி குத்தினா கையில சீழ் வெக்கும்," என்றது ஒன்று.

"நகம் போயிடும்," என்றது இன்னொன்று.

"யாருக்கு?"

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் சொன்னதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒருத்தன் குச்சி ஒடிக்கிற லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கோணலா ஒடிக்கிறீங்க. தள்ளுங்க. கத்தி கொண்டாங்க."

அவர் நறுக்க, பத்துப் பேர் ஓடி ஓடிக் கொண்டுவர, உள்ளே இருபது பேர் குத்தினார்கள். இலை கிழிந்தது, வேறு இலை வந்தது. வாடாமல்லி நசுங்கியது. யாரோ சாமந்தி இதழைத் தின்று பார்த்துத் துப்பினார்கள். சமோன் வேலைக்குத் திரும்ப வேண்டியவள், கதவோரம் நின்றவள் நின்றபடியே இருந்தாள். தாங்மோ ஒவ்வொரு மேசையாகப் போய்க் குத்தினதை இழுத்துப் பார்த்தாள். "இது லூசா இருக்கு. மறுபடி குத்து." மேஸ்திரியே தோற்றுப்போவார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முப்பத்தொன்றும் முடிந்தன. எல்லாம் கொஞ்சம் கோணல்.

பரிசு ஐந்தாம் வகுப்புக்கு. அன்னப்பறவை செய்திருந்தார்கள், அழகாகத்தான் இருந்ததாம். எங்களுக்கு மூன்றாம் இடம்கூட இல்லை. "இதழ்கள் ஒழுங்கில்லை," என்று ஒரு நடுவர் எழுதி வைத்தார். ஆனால் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்தபோது நான்காம் வகுப்பினுடையது ஒருக்களித்து மூழ்கியது. எங்கள் முப்பத்தொன்றில் ஒன்றும் பிரியவில்லை, ஒன்றும் மூழ்கவில்லை. இரண்டாம் வகுப்பு போட்ட கூச்சலில் பரிசு யாருக்கு என்று அடுத்த தெருக்காரர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

6

இன்று விடிந்ததும் வீங்கின கன்னத்தோடு பாலத்துக்குப் போனேன். நான் நேரில் பார்த்தது இது ஒன்றுதான். பாலத்தடியில் ஆறு பச்சையாக, அடைத்துக்கொண்டு கிடந்தது. சமோன் படகின் முனையில் மண்டியிட்டு, நீண்ட கொக்கியால் கிரதோங்குகளை இழுத்து வலையில் போட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே கொக்கியை வைத்துவிட்டுச் சிலதை இரண்டு கையாலும் அள்ளினாள். அள்ளியவை எல்லாம் கோணல்.

இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். ரத்திகான் படித்துவிட்டுப் பேசாமல் காபி போடப் போய்விட்டாள். ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அப்போதுதான் பட்டது.

7

கேட்டேன். சொன்னாள்.

நேற்று ஆற்றுப் படியில் தாங்மோ அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாளாம். மெழுகுவத்தி ஏற்றியாகிவிட்டது. எல்லோரும் கிரதோங்கை நெற்றிக்கு மேலே தூக்கி ஆற்றம்மாவிடம் முணுமுணுக்கிற நேரம். ரத்திகானுக்கு முணுமுணுக்க வரவில்லை. திரும்பித் தாங்மோவிடம் கேட்டிருக்கிறாள்:

"டீச்சர் மேல இன்னும் கோவமா?"

தாங்மோ தன் கிரதோங்கைத் தண்ணீரில் வைத்து, கையால் தண்ணீரைத் தள்ளி அனுப்பி, அது கொஞ்ச தூரம் போனபிறகு பதில் சொன்னாளாம்.

"என்ன சொன்னா?"

"அது கதைக்கு வேண்டாம்."

"கதை அதுலதான் முடியுது."

"அப்ப முடியாம இருக்கட்டும். அவ எங்கிட்ட சொன்னா. உங்கிட்ட இல்ல."

நானாக மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். *"இல்ல டீச்சர்"* — இது எனக்கு நிம்மதி தருகிறது, அதனாலேயே சந்தேகம். *"ஆமா"* — இது நேர்மையாக இருக்கிறது, ஆனால் ரத்திகான் நேற்று வாசலில் வந்து நின்ற முகத்துக்குப் பொருந்தவில்லை. மூன்றாவது, *"நாளைக்குச் சொல்றேன்"*. இது மிகவும் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. என் குரல், அவளுடையதல்ல.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இதுவரை என்னிடம் யாரும் வகுப்பு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டதில்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாரையாவது ஏழு வயதில் ஒருவர் அந்த வார்த்தையால் அழைத்து, பிறகு அன்றைக்கே பக்கத்தில் வந்து குந்தி அப்படிக் கேட்டிருந்தால், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை எனக்குக் காட்ட வேண்டாம்.

தாங்மோ சொன்னாள்: "