வெண்கலக் குதிரையின் கால்கள்

எக்ஸ்ரே பொத்தானை அழுத்த நான் ஒருநாளும் தயங்கியதில்லை. பதினாறு வருடமாக அருங்காட்சியகத்தில் அதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அன்று தயங்கினேன்.

கருவிக்குள் நின்றது உள்ளங்கை அகல ரோமானிய வெண்கலக் குதிரை. வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகும் முன் அதைச் சுரண்டாமல், துளைக்காமல் உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். இங்கேயே பழம்பொருட்களைச் சுத்தம் செய்யும் வேலையில் இருப்பவள் என் அக்கா; போன வருடம் அவள் கையில் அதன் முன்னங்கால் ஒன்று முறிந்தது. உடைந்தால் அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அக்கா எழுதவில்லை. கம்பி செருகி ஒட்டி, மேலே பழைய வெண்கலத்தில் படியும் களிம்பு நிறத்தில் பச்சையைப் பூசிவிட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள். தெரிந்தால் அவள் வேலை போகும். மறைத்ததற்கு என் வேலையும் போகும்.

"படத்துல காலும் காலும் ஒண்ணுமேல ஒண்ணு விழற மாதிரி பக்கவாட்டுல வைடி," என்று காலையில் காதைக் கடித்திருந்தாள். அப்படியே வைத்தேன்.

பிரிவுத் தலைவர் திரையருகே குனிந்தார். எதையும் மூக்கு முட்டப் பார்ப்பவர் என்பதால் எங்களுக்கு அவர் பூதக்கண்ணாடி. "கால் எல்லாம் ஒண்ணா அப்பிக்கிட்டு தெரியுதே. சாய்ச்சு வெச்சு இன்னொண்ணு எடும்மா."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரையைச் சாய்த்து வைத்து, கதவை மூடி, அழுத்தினேன்.

முன்னங்காலுக்குள் கம்பி தெரிந்தது. திருகாணி போல மரை வெட்டிய இந்தக் காலத்துக் கம்பி, சுற்றுச் சுற்றாகத் தெளிவாக. ரோமானியர் தலையில் பழியைப் போட வழியே இல்லை. அடுத்த காலிலும் அதே கம்பி. பின்னங்கால்கள் இரண்டிலும் அதே.

அக்காவின் முழங்கையைப் பிடித்தேன். "ஒரு கால்னுதானே சொன்ன?"

"நீ பயந்துடுவேன்னுதான் ஒண்ணுன்னு சொன்னேன்."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அக்கா தங்கச்சி பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். இவங்க கை பட்டது எல்லாத்தையும் பார்த்துடுவோம். அடுத்ததை வைம்மா."

மேசைமேல் தட்டு தயாராக இருந்தது. அதில் ஒரு கிண்ணம், இரண்டு விளக்குகள், சிறகு முளைத்த ஒரு சிறுவன் சிலை. எல்லாமே அக்கா சுத்தம் செய்தவை. நான் கை நீட்டியதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கிண்ணத்தை முதல்ல வைடி," என்றாள் மெதுவாக. "அது ஒண்ணுதான் உடையல."