அமத்தச் சொன்ன சுவிட்ச்

இஞ்சி பீர் போடுவதில் ஆக்சிலியாவை அடித்துக்கொள்ள ஜங்லிகாட்டில் ஆள் கிடையாது. பீர் என்றதும் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, ஒரு சிட்டிகை ஈஸ்ட், அவ்வளவுதான். மூன்று நாள் புளித்தால் மூக்கில் ஏறும், தலைக்கு ஏறாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவுக்கு ஐம்பது லிட்டர் வேண்டும் என்று பங்குச் சாமியாரே ஒரு மாதத்துக்கு முன்பே வீடு தேடி வந்து கேட்டுவிட்டார்.

ஐம்பது லிட்டரைக் கேஸ் அடுப்பில் குண்டான் குண்டானாகக் காய்ச்சினால் இடுப்பு கழன்றுவிடும். அதனால் பெரிய எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கி, அடியில் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் காயில் ஒன்றைப் பொருத்தி, காய்ச்சியதைக் கேன்களுக்கு ஏற்ற ஒரு குட்டிப் பம்பும் வைத்தாள். சுவரில் ஒரு பலகை. அதில் லைட் எரிகிற சுவிட்ச் இரண்டு. காயிலுக்குச் சிவப்பு, பம்புக்குப் பச்சை. சாமானெல்லாம் சென்னையிலிருந்து கப்பலில் தீவுக்கு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று.

"என்னட்டி, கப்பல் ஓட்டப் போறியா?" என்று கேட்டான் அவள் புருஷன் கஸ்பார். படகு எஞ்சின் மெக்கானிக்.

"கரண்டு போயிப் போயி வார ஊருல எது ஓடுது, எது நிக்கின்னு வாசல்ல நின்னே தெரியணும்லா?"

வயரிங்கையும் அவளே செய்தாள். இருபது வருஷத்துக்கு முன் ஐ.டி.ஐ.யில் வாங்கிய வயர்மேன் சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது. கஸ்பார் டெஸ்டரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தபோது கையைத் தட்டிவிட்டாள். அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

வியாழக்கிழமை காலை முதல் காய்ச்சல். சிவப்பு எரிந்தது, டிரம் கொதித்தது. ஆறியதும் பச்சை எரிந்தது, இஞ்சித் தண்ணீர் கேன்களுக்குப் போயிற்று. ஈஸ்ட்டைப் போட்டு மூடிவிட்டு, காலி பாட்டில் வாங்கிவர மரைன் ஹில்லில் இருக்கும் நாத்தனார் அமுதம் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். அமுதம் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. பம்பை நிறுத்துகிற அவசரத்தில் சிவப்பு சுவிட்சைத் தட்டி ஓடவிட்டுவிட்டோமா?

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. டிரம்மில் இப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் டிரம்மில் காயில் ஓடினால் கொஞ்ச நேரத்தில் பழுத்துவிடும். பக்கத்தில் மரப்பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்கார வைஜெயந்தியின் மிஷினும், திருவிழாவுக்குத் தைக்க வந்த துணிக் குவியலும். கஸ்பாரோ படகு ரிப்பேருக்காக நீல் தீவுக்குப் போயிருக்கிறான். நல்லவேளை, வீட்டுச் சாவி ஒன்று வைஜெயந்தியிடம் எப்போதும் இருக்கும். போன் போட்டாள்.

"ஏட்டி, எங்க வீட்டத் தொறந்து அடுப்படியப் பாரு. செவப்பு சுவிட்ச்சுல லைட் எரியுதா?"

வைஜெயந்தி ஓடிப் பார்த்தாள். "எரியுதுக்கா. நல்லா பளிச்சுன்னு எரியுது."

"ஐயோ மாதாவே! அமத்துட்டி! ஜல்தி அமத்து!"

"டீக் ஹை, சரிக்கா, இதோ..." என்ற குரலோடு லைன் கட்டாகிவிட்டது.

ஆக்சிலியா மூச்சு விட்டாள். மீதி டீயைக் குடித்தாள். பிஸ்கட்கூட ஒன்று எடுத்தாள். அதைக் கடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் வைஜெயந்தியின் குரல் வந்தது: "அக்கா, நீங்க சொன்னபடி அமுத்திக்கிட்டே இருக்கேன். லைட் நல்லா எரியுது. கவலப்படாதீங்க."

அமுத்திக்கிட்டே இருக்கிறாளா?

ஆக்சிலியாவின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம். அங்கே அமத்து என்றால் அணை. வைஜெயந்தி கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சிலோனிலிருந்து வந்த அவள் வீட்டில் அமுத்து என்றால் அழுத்து. ஆறு வருஷமாக ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருக்கிறார்கள், உப்பும் புளியும் மாற்றிக்கொள்கிறார்கள், ஆனால் இந்த ஒரு சொல் இன்றுவரை மோதியதே இல்லை.

திரும்பத் திரும்பப் போன் போட்டாள். போகவில்லை. பாட்டில்களை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை மறித்தாள்.

"ஜங்லிகாட் பையா, ஜல்தி! கர் மே ஆக் லகேகா!" வீடு தீப்பிடித்துவிடும் என்று இந்தியில் கத்தினாள்.

வழியெல்லாம் வைஜெயந்தியை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். தமிழ் தெரியாத தமிழச்சி, கொளுத்தச் சொன்னால் குளிப்பாட்டுவாள் என்று என்னென்னவோ. ஆனால் அடுத்த வளைவிலேயே, தீப்பிடித்தால் முதலில் மாட்டுவது சுவிட்ச் பக்கத்தில் நிற்கிற அவள்தானே என்று உறைத்தது. அதற்குப்பின் வாயில் ஜெபம் மட்டும்தான் வந்தது.

தெருமுனையில் புகை இல்லை. வாசலில் கூட்டம் இல்லை. உள்ளே வைஜெயந்தி பலகை முன்னால் விறைப்பாக நின்று, சிவப்பு சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. சிவப்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

ஆக்சிலியா ஒரே பாய்ச்சலில் பிளக்கைப் பிடுங்கினாள். லைட் அணைந்தது. டிரம்மை லேசாகத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை முழுசாக வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

"நா வெரல எடுக்கலாமாக்கா?" என்று கேட்டாள் வைஜெயந்தி. "எடுக்கச் சொல்லலியேன்னு அப்பலேர்ந்து நிக்கிறேன்."

ஆக்சிலியா சுவிட்சைப் பார்த்தாள். அது ஆஃப் பக்கம் சாய்ந்திருந்தது. ஆஃபில் இருந்த சுவிட்சில் எப்படி லைட் எரிந்தது? பலகையைக் கழற்றித் திருப்பினாள். சுவிட்சுக்கு மூன்று கால். பித்தளைக் கால் லைட்டுக்கு, அதைச் சரியாகத்தான் கொடுத்திருந்தாள். மற்ற இரண்டு வெள்ளைக் கால்களில், காயிலுக்குப் போக வேண்டிய வயரும் கரண்டு வருகிற வயரும் இடம் மாறிக் கிடந்தன. அதனால் காயில் சுவிட்ச் சொல்படி கேட்டது. லைட் மட்டும், பிளக் சொருகியிருக்கும்வரை யார் சொல்லையும் கேட்காமல் எரிந்தது.

காலையிலேயே நிறுத்தியிருக்கிறாள், லைட்டைத்தான் கவனிக்கவில்லை. நின்ற காயில் நின்றபடியே இருந்திருக்கிறது.

"நீ எந்தப் பக்கம்ட்டி அமுக்குன?"

"ஏற்கெனவே அமுங்கி இருந்த பக்கந்தாங்க்கா. சரியா அமுங்கலையோன்னு இன்னும் நல்லா அமுத்துனேன்."

ஆக்சிலியா பலகையைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவளுக்கு அமத்து என்பது புரிந்திருந்தால், எரிகிற லைட்டைப் பார்த்து மறுபக்கம் தட்டியிருப்பாள். வெறும் டிரம்மில் காயில் ஓட ஆரம்பித்திருக்கும். ஆட்டோ முழுக்கத் திட்டிய திட்டெல்லாம் யாருக்குச் சேர வேண்டியது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறிச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. வைஜெயந்தியைக் கீழே இழுத்து உட்காரவைத்து, சுவிட்சின் தடம் பதிந்து சிவந்திருந்த அந்தக் கட்டைவிரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நா சொன்னது ஒனக்குப் புரிஞ்சிருந்தா இன்னைக்கு ரெண்டு வீடும் போயிருக்கும்ட்டி."

வைஜெயந்தி விழித்தாள். "அப்ப இனிமே நீங்க சொல்றதக் கேக்கவா, வேணாமாக்கா?"

"கேளு," என்றாள் ஆக்சிலியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கேட்டுட்டு, என்ன சொன்னேன்னு இன்னொரு தடவ கேளு."